எனக்கு விருப்பமில்லை என்று முடிவாகியிருந்தது

எனக்குப் பலாச்சுளையைக் கொடுத்துவிட்டுத்தான் பதவியைக் கேட்டார்கள்.

கொடுத்துவிட்டு என்று சொல்வதும் அவ்வளவு சரியில்லை. பழத்தை அறுத்தவளே நான்தான். வளப்பூர் நாட்டிலிருந்து (எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு) ஒரு மாணவியின் அப்பா தோளில் சுமந்து வந்து, ஆசிரியர் அறை வாசலில் இறக்கிவிட்டுப் போன பழம். மேசையில் பழைய செய்தித்தாளை விரித்தார்கள். கத்தி வந்தது. அது யார் கைக்கும் போகாமல் நேராக என் முன்னால் வந்து நின்றது. பலாப்பழம் அறுப்பது யார் பொறுப்பு என்று அரசாணை எதுவும் கிடையாது. ஆனால் எங்கள் கல்லூரியில் நிரந்தரப் பணியில் இருந்த ஒரே பெண் நான். அரசாணை இல்லாத வேலைகளெல்லாம் எனக்குத்தான் வரும்.

தேங்காயெண்ணெய் கொண்டுவர வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நான் அறுத்தேன். அவர்கள் சாப்பிட்டார்கள். கடைசியில் தங்கராசு சார் ஒரு சுளையைக் கொட்டை நீக்கி, என் பக்கம் தட்டில் வைத்தார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

தங்கராசு சார் என் துறைக்காரர். இருவரும் பொருளியல் நடத்துகிறோம். பணியில் சேர்ந்த வரிசைப்படி கல்லூரியில் நான் முதல் ஆள், அவர் இரண்டாவது ஆள். எங்கள் முதல்வர் அந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். புது முதல்வரை அரசு போடும் வரை, வரிசையில் முதலில் இருப்பவர் பொறுப்பு முதல்வராக இருக்க வேண்டும். அதாவது நான்.

"மேடம், உங்களுக்கு எதுக்குங்க இந்தத் தொந்தரவெல்லாம்?" என்றார் தங்கராசு சார். "காலையில எல்லாருக்கும் முன்னால மேல வரோணும். சாயங்காலம் எல்லாரும் போனப்புறம் எறங்கோணும். விருப்பமில்லைன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டீங்கன்னா, மத்ததை நாங்க பாத்துக்கறோமுங்க."

சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் ஆமாங்க ஆமாங்க என்றார்கள். யார் முகத்திலும் கெட்ட எண்ணம் இல்லை. என்மேல் அவர்களுக்கு உண்மையாகவே இரக்கம் இருந்தது. அந்த இரக்கத்தோடு ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் நீட்டினார்கள்.

எனக்கும் எழுதிக் கொடுப்பதில் பெரிய தடை இல்லை. ஆனால் என் இரண்டு கையிலும் முழங்கை வரை பலாப்பிசின். பேனாவைப் பிடித்தால் பேனா திரும்பி வராது.

"கை பூராவும் பிசினுங்க சார். நாளைக்கு எழுதித் தாரேன்" என்றேன்.

எண்ணெய் மட்டும் இருந்திருந்தால் இந்த அத்தியாயம் கிடையாது.

வழக்கம்

இந்தத் தொடரைப் படிக்கும் நாமக்கல் வாசகி ஒருவர், "மலைக் கல்லூரி வேலையில் என்னதான் சிரமம், குளுகுளுவென்றுதானே இருக்கும்" என்று போன வாரம் கேட்டிருந்தார். குளுகுளுவென்றுதான் இருக்கும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

விருப்பமில்லை என்று எழுதிக் கொடுக்கும் வழக்கத்தைப் பற்றி மட்டும் அவருக்குச் சொல்ல வேண்டும். இது எங்கள் தொழிலில் பல காலமாக இருக்கிறது. ஒரு பெண் வரிசையில் முதலில் வந்து நின்றால், யாரும் அவளைத் தடுக்கமாட்டார்கள். தடுத்தால் கோர்ட்டுக்குப் போவாள். அதனால் அவளுக்காகக் கவலைப்படுவார்கள். இத்தனை பேர் கவலைப்படும்போது, கவலைக்குரிய ஏதோ ஒன்று இருக்கத்தான் வேண்டும் என்று அவளுக்கே தோன்றிவிடும். எழுதிக் கொடுத்துவிடுவாள். பிறகு அவளைப் போல் பெருந்தன்மையானவர் உண்டா என்று ஆண்டு விழாவில் பேசுவார்கள். சால்வை போடுவார்கள்.

நான் முதலில் வேலை பார்த்த சமவெளிக் கல்லூரியில் இப்படி எழுதிக் கொடுத்த ஓர் அம்மையாரிடம் மூன்று சால்வைகள் இருந்தன. மார்கழியில் ஒன்றைப் போர்த்திக்கொண்டு வருவார். நன்றாக இருக்கும்.

எழுதும்போது காரணமும் எழுத வேண்டும். காரணமும் வழக்கத்தில் உள்ளதுதான்: "குடும்பச் சூழ்நிலை." என் குடும்பச் சூழ்நிலை என்ன என்று அன்றைக்கு யோசித்துப் பார்த்தேன். மகன் ஓசூரில் வேலை பார்க்கிறான். வாரம் ஒரு தரம் போன் செய்து, சாப்பிட்டாயா என்று நான் கேட்பதற்கு முன்னால் சாப்பிட்டுவிட்டேன் என்பான். என் வீட்டுக்காரர் ராசிபுரத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். நான் விடிவதற்கு முன்னால் பஸ் ஏறுகிறவள் என்பதால், பல வருஷமாக அவரே ரசம் வைத்துக்கொள்கிறார். என் ரசத்தைவிட நன்றாக வைக்கிறார். சூழ்நிலை என்று பார்த்தால் அவ்வளவுதான்.

கமிட்டியில் ஒரு பெண்

எங்கள் கல்லூரியில் பெண் ஆசிரியர்களே வருவதில்லை என்று நினைத்துவிட வேண்டாம். வருவார்கள். வந்து சேரும் அன்றே மாறுதலுக்கு மனுப் போடுவார்கள். முள்ளுக்குறிச்சி தாண்டி பஸ் மலையேறத் தொடங்கி, வளைவுக்கு வளைவு வயிறு புரண்டு, மேலே வந்து இறங்கும்போதே அவர்கள் முகத்தில் அந்த மனு எழுதியிருக்கும். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நானும் வருஷா வருஷம் மனுப் போட்டவள்தான். அவர்களுக்குச் சிபாரிசுக்கு ஆள் இருந்தது, எனக்கு இல்லை. மலைமேல் பெண் கல்வி வளர நான் காரணமானது இப்படித்தான்.

ஒரே பெண்ணாக இருப்பதில் ஒரு மதிப்பும் உண்டு. எந்தக் கமிட்டி போட்டாலும் அதில் ஒரு பெண் உறுப்பினர் இருக்க வேண்டும் என்பது விதி. நூலகக் கமிட்டி, விளையாட்டுக் கமிட்டி, ராகிங் தடுப்புக் கமிட்டி, உணவகக் கமிட்டி, கட்டடக் கமிட்டி எல்லாவற்றிலும் நான் இருந்தேன். உணவகமே இல்லாத கல்லூரியில் உணவகக் கமிட்டி உறுப்பினராக எத்தனையோ கூட்டத்துக்குப் போயிருக்கிறேன். போட்டோ எடுக்கும்போது என்னை நடுவில் நிறுத்துவார்கள். ஓரத்தில் நின்றால் பெண் இருப்பது தெரியாமல் போய்விடும் என்பார்கள்.

என்னைத் தவிர அங்கே இன்னொரு பெண்ணும் பாடம் நடத்தினாள். ராணி. வளப்பூர் நாட்டுக்காரி. அப்பா அம்மா மிளகும் மரவள்ளியும் போடுகிறவர்கள். முனைவர் பட்டம் வாங்கி, தமிழ்த் துறையில் கௌரவ விரிவுரையாளராக இருந்தாள். கௌரவம் என்று பெயரில் இருந்தால் அந்த வேலை நிரந்தரம் இல்லை என்று பொருள். அதனால் கமிட்டிக் கணக்கில் அவள் பெண் ஆகமாட்டாள்.

பலாப்பழம் அறுத்த அன்று சாயங்காலம் செம்மேட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். நாளைக்கு எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்றேன்.

"ஏனுங்க மேடம், எழுதிக் குடுக்கறதுன்னா காரணமும் எழுதோணுங்களா?"

குடும்பச் சூழ்நிலை என்று எழுதினால் போதும் என்றேன்.

"சாருங்க யாராச்சும் எழுதிக் குடுத்தா என்ன காரணம் எழுதுவாங்க?"

யோசித்துப் பார்த்தேன். என் சர்வீஸில் ஓர் ஆண் அப்படி எழுதிக் கொடுத்து நான் பார்த்ததே இல்லை. அதைச் சொன்னேன். அவள் சரிங்க என்று சொல்லிவிட்டு, வளப்பூர் பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டாள். எனக்குத்தான் எரிச்சலாக இருந்தது. நன்றாகப் போய்க்கொண்டிருந்த ஒரு காரியத்தில் எதற்கு இந்தக் கேள்வி.

ராசிபுரம்

நான் ஏன் எழுதிக் கொடுக்க நினைத்தேன் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். பலாச்சுளைக்காக இல்லை.

ராசிபுரம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பொருளியலுக்கு ஓர் இடம் காலியாக இருந்தது. என் வீட்டிலிருந்து நடந்து போகலாம். பல வருஷம் கழித்து முதல் முறையாக அப்படி ஓர் இடம். அடுத்து வரும் மாறுதல் கலந்தாய்வில் அதைக் கேட்கக்கூடியவர்கள் இந்தச் சுற்றுவட்டத்தில் இரண்டே பேர். நானும் தங்கராசு சாரும். அவருக்கும் வீடு ராசிபுரம்தான்.

வெள்ளைத்தாளை நீட்டியபோது அவர் அதையும் பக்குவமாகச் சொல்லியிருந்தார். "நீங்க இங்க எழுதிக் குடுத்துட்டீங்கன்னா, ராசிபுரத்தை நான் கேக்க மாட்டேனுங்க மேடம். நான் இங்கயே பொறுப்புல இருந்துக்கறேன். நீங்க ஊட்டுக்குப் பக்கத்துல நிம்மதியா இருங்க."

பொறுப்பில் இருப்பவரை விடுவிக்க வேண்டுமென்றால் அந்தப் பொறுப்புக்கு இன்னொருவர் வர வேண்டும். அதனால் நாற்காலியில் உட்காருகிறவருக்கு ராசிபுரம் கிடையாது. நாற்காலி வேண்டுமா, ராசிபுரம் வேண்டுமா என்பதுதான் கேள்வி.

எனக்கு ராசிபுரம் வேண்டும். இதில் மறைக்க ஒன்றுமில்லை. விடிந்த பிறகு எழுந்து, வீட்டில் உட்கார்ந்து ஒரு டம்ளர் காப்பியைச் சூடு ஆறாமல் குடிக்க வேண்டும் என்று நான் எத்தனை வருஷமாக நினைத்திருக்கிறேன் தெரியுமா. பெண்ணுரிமை பேசுகிறவர்கள் இந்தக் காப்பியைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

பல நாட்டுப் பெண்கள்

மறுநாள் எழுதிக் கொடுக்க முடியவில்லை. காரணம், மறுநாள் நான் வேறொரு வேலையாக இருந்தேன். பல்கலைக்கழக ஆசிரியப் பணியில் பல நாட்டுப் பெண்களின் இடம் என்ற தலைப்பில் ஆன்லைன் கருத்தரங்கு. சமவெளியில் ஒரு கல்லூரி நடத்தியது. ஜப்பான், ஸ்வீடன், பிலிப்பைன்ஸ் நாடுகளிலிருந்து பேராசிரியைகள் பேசுகிறார்கள். இந்தியாவுக்கு என்னைப் போட்டிருந்தார்கள்.

என்னை ஏன் போட்டார்கள் என்று கேட்டேன். மலை என்று இருந்தால் நன்றாக இருக்கும் என்றார்கள். அழைப்பிதழில் மற்றவர்கள் படத்துக்குப் பின்னால் வெறும் நீலம். என் படத்துக்குப் பின்னால் அருவி விழுந்துகொண்டிருந்தது. அது எங்கள் மலை அருவியும் இல்லை.

எங்கள் கல்லூரியில் இன்டர்நெட் ஒழுங்காக வருவது முதல்வர் அறையில் மட்டும்தான். கேமரா அவருடைய நாற்காலிக்கு நேராகப் பொருத்தியிருந்தது. அதனால் முதல்வரே எழுந்து, என்னைத் தன் நாற்காலியில் உட்காரச் சொன்னார். நல்ல மனிதர். பெயரைச் சொல்லவில்லை, ஓய்வு பெற்று நிம்மதியாக இருக்கிறார். அவரும் தங்கராசு சாரும் மற்ற ஆசிரியர்களும் கேமராவில் விழாதபடி இரண்டு பக்கமும் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். ராணி கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டாள். வெளிநாட்டுக்காரர்கள் பேசுவதால் எல்லாரும் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு வந்திருந்தார்கள்.

பிலிப்பைன்ஸ் அம்மாள் சிரித்த முகம். எங்கள் ஊரில் கல்லூரிகளில் பெண்கள் நிறைய இருக்கிறோம், வேலையெல்லாம் நாங்கள்தான் செய்கிறோம், ஆனால் எங்களுக்கு மேலே உட்கார்ந்திருப்பவர் யார் என்று மட்டும் கேட்காதீர்கள் என்றார். ஸ்வீடன் அம்மாள் படம் போட்டுக் காட்டினார். அங்கே சட்டம் இருக்கிறது, குழந்தையைப் பார்த்துக்கொள்ள இடம் இருக்கிறது, அப்பாவுக்கே விடுப்பு உண்டு. விரிவுரையாளர் மட்டத்தில் பெண்கள் தாராளமாக இருக்கிறார்கள். பேராசிரியர் மட்டத்துக்குப் போனால் குறைகிறார்கள். இவ்வளவு செய்தும் ஏன் என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம் என்றார். பர்மாவில் பெரும்பாலும் பெண்கள்தான் கல்லூரியில் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கருத்தரங்கை நடத்தியவர் நடுவில் ஒரு தகவல் சொன்னார். அதைக் கேட்டு எங்கள் முதல்வர், பர்மாவிலா என்று இரண்டு தரம் கேட்டுக்கொண்டார்.

அடுத்து நான். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். எங்கள் நாட்டிலும் ஆசிரியப் பணியில் பெண்கள் நிறைய இருக்கிறார்கள், ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. ஒரு கல்லூரியில் எத்தனை பெண்கள் இருப்பார்கள் என்று தெரிய வேண்டுமானால், அந்த ஊரிலிருந்து கடைசி பஸ் எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்று பார்த்தால் போதும் என்றேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கல்லூரியில் பெண்கள் இருப்பார்கள். ஒரு பஸ் மாற வேண்டும் என்றால் பாதியாவார்கள். மலை என்றால் நான் இருப்பேன்.

ஸ்வீடன் அம்மாளுக்குக் கடைசி பஸ் என்றால் என்னவென்று புரியவில்லை. கடைசி பஸ் போய்விட்டால் என்ன ஆகும் என்று கேட்டார். அடுத்த நாள் காலைதான் என்றேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

ஜப்பான்காரம்மா

கடைசியில் ஜப்பான் பேராசிரியை. என் வயதுதான் இருக்கும். முடியை ஒட்ட வெட்டியிருந்தார். ஒரு படமும் காட்டவில்லை. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசினார்.

எங்கள் நாட்டில் பல்கலைக்கழகங்களில் பெண்கள் குறைவு, மேலே போகப் போக இன்னும் குறைவு என்றார். யாரும் எங்களைத் தடுப்பதில்லை. ஒரு பெரிய பதவி ஒரு பெண்ணின் முறைக்கு வரும்போது, கூட வேலை செய்கிறவர்கள் அவளிடம் மிக மரியாதையாகக் கேட்பார்கள். உங்களுக்குச் சிரமமாக இருக்காதா, வீட்டைப் பார்க்க வேண்டாமா என்பார்கள். அவள் தானே வேண்டாம் என்று சொல்லிவிடுவாள். எழுத்தில் பார்த்தால் யாரும் யாருக்கும் எதையும் மறுத்ததில்லை. நானும் அப்படி ஒரு முறை வேண்டாம் என்று சொன்னவள்தான் என்றார்.

எங்கள் பக்கம் எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள்.

"பாவம், அவங்க ஊர்ல இன்னும் அப்படி" என்று தங்கராசு சார் முதல்வரிடம் மெல்லச் சொன்னார். சத்தியமாக அவர் முகத்தில் வருத்தம் இருந்தது.

பிறகு அந்த ஜப்பான்காரம்மா என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். உங்கள் கல்லூரியில் முதல்வர் பதவி காலியாகி, வரிசையில் ஒரு பெண் இருந்தால், அவரிடம் எப்படிக் கேட்பார்கள்?

பலாப்பழம் கொடுத்துக் கேட்பார்கள் என்று சொல்லியிருக்கலாம். இரண்டு பக்கமும் பார்த்தேன். எல்லாரும் ஆவலாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நம் நாட்டுப் பெருமையை நான் எப்படிக் காப்பாற்றப் போகிறேன் என்ற ஆவல். ஒருவருக்காவது முந்தின நாள் நினைவு வந்ததாகத் தெரியவில்லை. ராணி மட்டும் கீ-போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெண்ணினத்துக்காகச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். நடந்தது அதுவல்ல. கடல் தாண்டி இருக்கும் ஒருத்தி, நான் ஏமாந்தேன் என்று நாலு பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்கிறாள். அவளுக்கு முன்னால் நான் பொய் சொல்லவும் கூச்சமாக இருந்தது, உண்மையைச் சொல்லவும் மானக்கேடாக இருந்தது. இரண்டும் இல்லாமல் சொல்வதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது.

"கேட்கமாட்டார்கள். வரிசையில் நான்தான் முதலில் இருக்கிறேன். அடுத்த மாதம் நான் பொறுப்பேற்கிறேன்" என்று சொல்லிவிட்டேன்.

ஆன்லைன் கூட்டத்தில் யார் எதைச் சொன்னாலும் கைதட்டுவது எங்கள் கல்லூரி வழக்கம். முதல்வர் தட்டினார். எல்லாரும் தட்டினார்கள். தங்கராசு சாரும் பலமாகத் தட்டினார். தட்டிக்கொண்டிருக்கும்போதே அவர் கை மெதுவானது. பிறகு நின்றது. ஜப்பான்காரம்மா திரையில் எனக்குத் தலை தாழ்த்தி வணக்கம் சொன்னார்.

பேசியது பேசியதுதான்

சொன்னதை மாற்றிக்கொள்ள இடம் இல்லாமல் போகவில்லை. ஜப்பானிலிருந்து யாரும் வந்து விசாரிக்கப் போவதில்லை. கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது தங்கராசு சார் பக்கத்தில் வந்தார்.

"மேடம், அது சும்மா பேச்சுக்குத்தானுங்களே?"

நான் டீயைக் குடித்தேன். எனக்கே தெரியவில்லை. ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் ராசிபுரம் என்னுடையது. அந்தச் சொல் நாக்கு வரை வந்தது. ஆனால் இவர் கை தட்டினாரே என்று தோன்றியது. வெளிநாட்டுக்காரிக்கு நடந்தபோது வருத்தப்பட்டவர், எனக்கு நடந்தபோது பேனா கொடுத்தவர். எனக்குக் கோபம் வந்தது. நான் சட்டென்று கோபப்படுகிறவள் இல்லை. வந்தால் சீக்கிரம் போகாது.

"இல்லீங்க சார். நான் எழுதித் தரலை."

"அப்ப ராசிபுரம்?"

"நீங்க கேட்டுக்கங்க."

அவர் சரிங்க மேடம் என்று போனார். அன்றைக்குக் கீழே இறங்கும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அழுதேன். பஸ்ஸில் தூக்கம் வராதவள் தூங்குவது போல் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு அழுதேன். வீரமாகப் பேசிவிட்டு ஒரு மனுஷி அழுவாளா என்று கேட்பவர்களுக்கு, அவர்கள் ஒரு வருஷம் அந்த பஸ்ஸில் போய்வந்து பார்க்கட்டும் என்பதுதான் என் பதில்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கடைக் கணக்கை மூடி வைத்துவிட்டு முழுதாகக் கேட்டார்.

"அப்ப ராசிபுரம் போச்சு."

"போச்சுங்க."

"அப்ப நானே சமைக்கோணும்."

"இப்ப யாரு சமைக்கறாங்க?"

அதுவும் சரிதான் என்று அடுப்படிக்குப் போனார். அன்றைக்கு அவர் எனக்குப் பிடித்த கொள்ளு ரசம் வைத்தார். ஆறுதல் சொல்ல அவருக்குத் தெரியாது.

நாற்காலி

மாதம் பிறந்ததும் பொறுப்பேற்றேன். பெரிய மாற்றம் ஒன்றும் நிகழவில்லை. நாற்காலி எனக்கு உயரமாக இருந்தது, கால் தரையில் படவில்லை. அதைத் தாழ்த்தும் கைப்பிடி துருப்பிடித்திருந்தது. வீட்டுக்காரர் கடையிலிருந்து எண்ணெய் கொண்டுபோய்ப் போட்டேன்.

முதல் வாரத்திலேயே ஒரு சிக்கல் வந்தது. எல்லாக் கமிட்டிக்கும் முதல்வர்தான் தலைவர். நான் தலைவர் ஆனதும் பெண் உறுப்பினர் இடம் எல்லாக் கமிட்டியிலும் காலியாகிவிட்டது. ஒரு பெண் மேலே போனால் கல்லூரியில் பெண் இல்லாமல் போய்விடும் என்று விதி எழுதியவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை. எடப்புளி நாட்டிலிருந்து பெற்றோர் யாராவது வந்தால், முதல்வர் அறை வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, சார் எப்ப வருவாருங்க என்று என்னிடமே கேட்டார்கள். இப்ப வந்துருவாருங்க, விஷயத்தைச் சொல்லுங்க என்பேன். சொல்வார்கள். முடித்துக் கொடுப்பேன். சார் வந்தா சொல்லீருங்க என்று போவார்கள்.

இதற்கெல்லாம் நான் கோபப்படவில்லை. கலந்தாய்வு நாளில்தான் மனசு கெட்டது. அன்றைக்கு மத்தியானம் சோறு இறங்கவில்லை. சாயங்காலத்துக்குள் செய்தி வந்துவிட்டது. ராசிபுரம் தங்கராசு சாருக்கு.

விடுவிப்பு

மாறுதல் உத்தரவோடு அவர் என் அறைக்கு வந்தார். எதிரில் நாற்காலி இருந்தும் நின்றுகொண்டே இருந்தார்.

ஓர் ஆசிரியர் வேறு ஊருக்குப் போக வேண்டுமென்றால், அவரை இங்கிருந்து விடுவித்து முதல்வர் கையெழுத்துப் போட வேண்டும். முதல்வர் நினைத்தால் தள்ளிப் போடலாம். செமஸ்டர் முடியட்டும், மாற்று ஆள் வரட்டும், தேர்வுப் பணி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே போகலாம். அதற்குள் அங்கே வேறு யாராவது வந்து உட்கார்ந்துவிடலாம். பொருளியலில் அப்போது நாங்கள் இரண்டே பேர். அவரைப் பிடித்து வைக்க எனக்கு நியாயமான காரணமே இருந்தது. இது அவருக்கும் தெரியும். பலாச்சுளையை என் பக்கம் வைத்த அந்தக் கையால் உத்தரவை மேசையில் வைத்தார்.

"எழுதிக் குடுக்கச் சொன்னதை மனசுல வெச்சுக்காதீங்க மேடம்" என்றார்.

என் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். சூடு ஆறாத காப்பி. எல்லாம் அந்த ஒரு தாளில் இருந்தது. பேனாவை எடுத்தேன்.

"மனசுல வெச்சுட்டுத்தானுங்க சார் கையெழுத்துப் போடறேன்."

போட்டேன். அவர் கண் கலங்கிவிட்டது. எனக்கும் கலங்கியது, ஆனால் இரண்டும் ஒரே காரணத்துக்காக இல்லை. அவர் வகுப்புகளையும் சேர்த்து நானே எடுக்க வேண்டும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்த வாரமே ஆசிரியர் விவரம் கேட்டு மேலிடத்திலிருந்து வந்திருந்தது. ராணிதான் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். நிரந்தர ஆசிரியர்கள் மட்டும் என்று தலைப்பில் இருந்ததால் அவள் அதில் வரமாட்டாள். மொத்தத்தில் பழைய முதல்வரும் தங்கராசு சாருமாக இரண்டு ஆண்கள் குறைந்திருந்தார்கள், பெண் நான் அப்படியே இருந்தேன். போன வருஷத்தைவிடப் பெண் ஆசிரியர் விகிதம் உயர்ந்திருப்பதாகக் கம்ப்யூட்டரே கணக்குப் போட்டுக் காட்டியது.

"இந்த உயர்வுக்குக் கல்லூரி என்ன முயற்சி எடுத்துச்சுன்னு கேக்குதுங்க மேடம்" என்றாள் ராணி.

"முதல்வர் ராசிபுரத்தை விட்டாங்கன்னு போடு கண்ணு."

அவள் சிரிக்கவில்லை. முதல்வரின் தனிப்பட்ட முயற்சி என்று போட்டு அனுப்பினாள். சில வாரம் கழித்துப் பாராட்டு வந்தது. பெண்களின் விகிதத்தை உயர்த்திக் காட்டிய கல்லூரிகளில் எங்களுடையதும் ஒன்றாம். அதுவரை ஒரு பெண்கூடப் புதிதாக மலையேறி வந்திருக்கவில்லை.